வடமாநிலக் கிறிஸ்தவர்களுக்குச் சபை ஹாலைத் திறந்துவிடலாமா?

கேள்வி: தக்கலைப் பக்கத்து வாசகர், ஜூன் 8

எங்கள் சேகரத்தில் (ஓர் ஆயரின் கீழுள்ள சபை வட்டாரம்) ஒரு சிக்கல். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை, ரப்பர் பால்வெட்டு, விசைப்படகு வேலை என்று இருக்கிற இளைஞர்கள் சிலர் காலை ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள். கிறிஸ்தவர்கள்தாம். தமிழ் ஒரு வரியும் புரியாது. ஆனாலும் ஆசீர்வாதம் முடியும்வரை எழுந்து போவதில்லை. இப்போது பிற்பகலில் தங்கள் மொழியில் கூடிப் பாடுவதற்கு ஹாலைக் கேட்கிறார்கள். கமிட்டியில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். "இன்றைக்கு ஹால், நாளைக்குச் சந்தா, அடுத்து ஓட்டு, கடைசியில் கல்லறையில் இடம் கேட்பார்கள்" என்று செயலர் அடுக்கினார். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற மத்தேயு 25 வசனத்தைச் சொன்னேன். "முதலில் சொந்த வீட்டாரைக் கவனி" என்று 1 தீமோத்தேயு 5:8-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். வேதம் எந்தப் பக்கம்?

ஜூன் 8, இரவு

திறந்துவிடுங்கள்.

நான் பஹ்ரைனில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவன். மனாமாவில் எங்கள் தமிழ் ஆராதனை வெள்ளிக்கிழமை நடந்தது. அங்கே விடுமுறை அன்றைக்குத்தான். கட்டடம் எங்களுடையது அல்ல. ஒரே வளாகத்தில் ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு, பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று மணிக்கணக்குப் போட்டு அறைகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு முந்தியவர்கள் ஜெபத்தை நீட்டினால் நாங்கள் வெயிலில் நிற்போம். நாங்கள் நீட்டினால் அடுத்தவர்கள் கதவைத் தட்டுவார்கள். எங்கள் கன்வென்ஷன் பிரசங்கியார் ஒருவர் வந்த அன்று மூன்று மொழிக்காரர்கள் சேர்ந்து தட்டினார்கள்.

அதே ஊரில் கத்தோலிக்கர்களின் திரு இருதய ஆலயம் 1939-இல் கட்டப்பட்டது. நிலத்தைக் கொடுத்தவர் அந்நாட்டை ஆண்ட ஷேக். இன்றைக்கும் குளச்சல், முட்டம், தூத்தூர்க்காரர்கள் வளைகுடாவின் பல நாடுகளில் முஸ்லிம் ஆட்சியாளர்கள் தந்த மண்ணில்தான் நின்று திருப்பலி காண்கிறார்கள். சம்பாதித்துத் திரும்பி, இங்கே மாடி வீடு கட்டி, கமிட்டியிலும் இடம் பிடித்த பிறகு, ஞாயிறு மூன்று மணிக்கு வௌவால் மட்டும் தங்குகிற ஹாலைத் தர நமக்கு வேத ஆராய்ச்சி தேவைப்படுகிறது. உங்கள் கமிட்டியில் வளைகுடா போய் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். "வேண்டாம்" என்றவர்களில் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள்.

செயலரை மட்டும் திட்டாதீர்கள். விஷயத்தின் ஆழம் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஹாலோடு நிற்காது என்று சொன்னார் அல்லவா? நிற்கக்கூடாது.

ஜூன் 9

குழித்துறையிலிருந்து ஒருவர்: "அந்நியர் பற்றிய வசனங்களை நம் நாட்டுத் தொழிலாளிக்குப் பொருத்துவது அபத்தம். அவர் குடியேறி அல்ல, குடிமகன்."

சட்டப்படி முழுக்கச் சரி. அரசமைப்பின் 19-ஆவது பிரிவு, இந்தியர் எவரும் நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் வசிக்கலாம் என்கிறது. ராஞ்சிக்காரர் தக்கலையில் இருப்பதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. கமிட்டித் தீர்மானமும் தேவையில்லை.

சட்டப்படி அந்நியர் நம் மாவட்டத்தில் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். என் வீட்டுக்கு பெயின்ட் அடித்தவர் அப்படிப்பட்ட முகாம் ஒன்றில் இருக்கிறார். எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார், என் மனைவியோடு சேர்ந்து பாமாலையும் பாடுவார். முகாமில் சரிபார்ப்பு நாள் என்றால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மதியமே போய்விடுவார். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாநில அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, அவ்வளவுதான். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. அந்த நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கு அதில் இடம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் இல்லை.

ஆக, நம் மொழியைப் பேசுகிறவர் அந்நியர், பேசாதவர் குடிமகன். ஆனால் சபையில் நடப்பது நேர்மாறு. முகாமிலிருந்து வருகிறவரை யாரும் அந்நியராக நினைப்பதில்லை, பாடகர் குழுவில்கூடச் சேர்த்துக்கொள்கிறோம். நாம் மிரளுவது ஜார்க்கண்டின் ஒராவோன் பழங்குடிப் பையனைப் பார்த்துத்தான். எனவே குழித்துறை நண்பரே, நம் பிரச்சினை பாஸ்போர்ட் அல்ல.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டதோடு முகாம்காரருக்கு நம் கடமை முடிந்துவிட்டது என்று யாரும் படித்துவிடாதீர்கள். குடியுரிமைக்காக நம் திருமண்டலங்களோ மறைமாவட்டங்களோ தெருவில் இறங்கிய அளவு போதாது என்பது என் எண்ணம். அது தனிச் சண்டை.

ஜூன் 11

வசனத்துக்கு வருகிறேன். 1 தீமோத்தேயு 5:8-ஐக் கமிட்டி எடுத்தது பிழை. அந்த அதிகாரம் விதவைகளைப் பற்றியது. தாயையோ பாட்டியையோ சபையின் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற பிள்ளைகளைப் பவுல் கண்டிக்கிறார். அதைக் கமிட்டியில் உரக்கப் படித்தால் வேறு சிலருக்கு உறைக்கும்.

கலாத்தியர் 6:10 இன்னும் வலுவான வசனம். எல்லாருக்கும் நன்மை செய்யவேண்டும், விசேஷமாக விசுவாச வீட்டாருக்கு. ஆனால் இந்தப் பையன்கள் விசுவாச வீட்டார்தானே! நாகர்கோவிலில் இறையியல் படித்த ஒருவர், மத்தேயு 25-இல் 'என் சகோதரர்' என்பது எல்லா ஏழைகளையும் குறிக்காது, சீடர்களைத்தான் குறிக்கும் என்று வாதிடுகிற உரையாளர்கள் உண்டு என எழுதியிருக்கிறார். இருக்கட்டும். அந்தக் குறுகிய அளவுகோலில் அளந்தாலும் உங்கள் கடைசி பெஞ்ச் தேறிவிடுகிறது.

இவர்கள் நேற்று ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றும் கமிட்டி நினைக்கவேண்டாம். ஜெர்மனியின் காஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845. முதல் ஒராவோன் குடும்பத்தார் ஞானஸ்நானம் பெற்றது 1850. அவர்களுடைய லுத்தரன் சபை 1919-லேயே தன்னாட்சி பெற்றுவிட்டது. நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947-இல்.

மத்தேயு 25-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு ஒரு மனக்குறை. அதைக் கேட்டதும் நமக்குச் சோறும் போர்வையும் கிறிஸ்துமஸ் கேக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. மோசேயின் சட்டத்தில் அந்நியன் எங்கே வருகிறான் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளையில் வருகிறான்: உன் வாசல்களில் இருக்கிற அந்நியனுக்கும் அன்று வேலை இல்லை. கூலிச் சட்டத்தில் வருகிறான்: சகோதரனானாலும் அந்நியனானாலும் ஏழைக் கூலிக்காரனை ஒடுக்காதே, பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிடு (உபாகமம் 24). அறுவடைச் சட்டத்தில் வருகிறான். நியாயத்தீர்ப்பில் வருகிறான்: இருவருக்கும் ஒரே பிரமாணம். லேவியராகமம் 19:34 அவனைச் சுதேசிபோல எண்ணச் சொல்கிறது. பரிவைப் பற்றிய பேச்சு அங்கே குறைவு, கணக்கு வழக்குதான் அதிகம்.

ஜூன் 12

அறுவடை என்றதும் நினைவு வந்தது. போன ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஏத்தன் வாழைக்குலை ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் பெரியவர் இருவர் கௌரவப் போட்டியில் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒடிசாப் பையன் ஒருவன், ஏலம் என்று தெரியாமலோ தெரிந்தோ, விரலைத் தூக்கி அதற்கும் மேல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டான். பந்தல் அமைதியானது. ஏலம் விட்டவர் "ஒருதரம், ரெண்டுதரம்" என்பதை இவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் குலை அவனுக்குத்தான். அறையில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் பழுக்கும்வரை காத்திருக்காமல் பச்சையாகவே வறுத்துத் தின்றதாகக் கேள்வி. அந்தப் பெரியவர்கள் இன்னும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

ஜூன் 15

மயிலாடி வாசகர் ஒருவர் நல்ல ஒன்றை எடுத்துக்கொடுத்தார். இந்த மாவட்டத்துக்கு விசுவாசம் வந்த வழியைப் பாருங்கள் என்கிறார். கோட்டாற்றுப் பகுதியிலும் கடற்கரையிலும் 1544-இல் நடமாடிய சவேரியார் ஸ்பெயின் நாட்டு நவார்க்காரர். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஜெர்மானியர். அவரை அழைத்த மகாராசன் வேதமாணிக்கமோ, தானே தஞ்சாவூர்வரை போய் அந்நிய ஊரில் ஞானஸ்நானம் பெற்று வந்தவர். இன்னும் வியப்பானது டி லன்னாய். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர். அந்தச் சிறைக்கைதி திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்துவைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவரை 2022 மே 15-இல் ரோமில் புனிதர் ஆக்கினார்கள். டி லன்னாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்தோடு. அந்நியர்களைக் கழித்துவிட்டால் நம் சபை வரலாற்றில் அட்டை மட்டும்தான் மிஞ்சும்.

ஜூன் 16

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பெண் வாசகர் என்னை ஒரே வரியில் நிறுத்திவிட்டார்: "ரிங்கல்தௌபேக்கு ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயின் ஆதரவு இருந்தது. ஜார்க்கண்ட் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?"

இதை அசைபோட்டுக்கொண்டே இருக்கிறேன். அதிகாரத்தோடு வந்த அந்நியனுக்கு ஊர் வழிவிடும், சில நேரம் வேறு வழியில்லாமல். சாக்குப்பையைத் தோளில் போட்டு நாகர்கோவில் சந்திப்பில் இறங்குகிறவனுக்கு வழிவிடுவது வேறு. என் நேற்றைய குறிப்பில் டி லன்னாய் மட்டும் தப்புகிறார், அவர் தோற்று விலங்கோடு நின்றவர். மற்றவர்களை இந்த வாதத்துக்கு இழுப்பதில் கொஞ்சம் சுகமான சோம்பல் இருக்கிறது.

ஜூன் 19

ஹூஸ்டனில் இருக்கிற என் மைத்துனர் இந்த இழையைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் பொரிந்து தள்ளினார். அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் 2025 ஜனவரியில் சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறார்: முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், பிறகு ஊர், பிறகு நாடு, அதற்குப் பிறகு உலகம். பழைய இறையியலாளர்கள் அகஸ்டீனும் அக்குவினாஸும் பேசிய 'அன்பின் ஒழுங்கு' இதுதானாம். போப் பிரான்சிஸ் பிப்ரவரி 10 அன்று அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவ அன்பு உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாக விரிகிற ஒன்று அல்ல, உண்மையான ஒழுங்கை நல்ல சமாரியன் உவமையைத் தியானித்தால் கண்டுகொள்ளலாம் என்பது அதன் சாரம். நான் புராட்டஸ்டண்டு, போப்பின் கடிதம் என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இதில் அவர் பக்கம்.

மைத்துனருக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. அக்குவினாஸ் அந்நியரைப் பற்றி எழுதும்போது, வந்தவுடன் அவர்களை ஆட்சிக் காரியங்களில் சேர்த்துவிடக் கூடாது, இரண்டு மூன்று தலைமுறை போகட்டும் என்ற பழைய ஏற்பாட்டு வழக்கத்தை ஆதரிக்கிறார். ஊரின் பொதுநலம் இன்னும் மனதில் பதியாதவர் கையில் முடிவைக் கொடுத்தால் கெடுதி வரலாம் என்பது காரணம். நம் திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்தால், ஏழு தலைமுறையாகப் பொதுநலம் பதியாதவர்களே அதிகம்.

மைத்துனர் எச்-1பி விசாவில் போனவர், பிறகு பச்சை அட்டை. வரிசையில் நின்று வந்தவன் நான், அவர்கள் வேலி தாண்டியவர்கள் என்கிறார். வித்தியாசம் இருக்கிறது, அரசுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற ரோமர் 13-ஐ நான் கிழித்து எறியவில்லை. எல்லையைக் காப்பதும், யாரை எப்போது அனுமதிப்பது என்று முடிவு செய்வதும் அரசின் வேலை. ஆனால் ஏரோதுக்குத் தப்பி இரவோடிரவாக எகிப்துக்குப் போன யோசேப்பு எந்த வரிசையில் நின்றார் என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஜூன் 23

அருமனைக்காரர் ஒருவர் கோபமாக எழுதியதை அப்படியே நீக்காமல் விட்டிருக்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் உண்மையான காசு இழந்தவர் அவர் ஒருவர்தான். தம்பி கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவர். குறைந்த கூலிக்கு வெளிமாநில ஆட்கள் கிடைத்ததும் ஒப்பந்தக்காரர் தம்பியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "உங்கள் வசனத்தைத் தம்பியிடம் வந்து சொல்லுங்கள்" என்கிறார்.

சொல்லமாட்டேன். அந்தத் தம்பிக்கு வசனம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் இப்போது திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறாராம். காரணம் தெரிந்ததுதான்: ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் கேரள கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் நாள் கூலி 800 ரூபாய்க்கு மேல், நாட்டின் சராசரி 400-க்கும் கீழ். அதே ஏணியில் ஜார்க்கண்டிலிருந்து ஏறுகிறவர் தக்கலையில் நிற்கிறார், தக்கலைக்காரர் திருவனந்தபுரத்தில், திருவனந்தபுரத்துக்காரர் துபாயில். ஒவ்வொரு படியிலும் மேலே நிற்பவர் கீழே வருகிறவனைப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

தம்பியின் வேலையைப் பறித்தது யார்? என் வீட்டு மாடி கட்டும்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் நம் சபைக்காரர்தான், பெயர் வேண்டாம். வங்காளப் பையன்களுக்கு வாரச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை ஊருக்குப் போகும்போது தருவதாகப் பிடித்து வைத்திருந்தார். பஹ்ரைனில் பழகிய இந்தியில் பேசியபோது அவர்களே சொன்னார்கள். ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். "மொத்தமாகக் கையில் கொடுத்தால் ஓடிவிடுவான் சார்." எனக்குத் தலை கிறுகிறுத்தது. மனாமாவில் என் பாஸ்போர்ட் கம்பெனி இரும்புப் பெட்டியில் கிடந்ததற்கு மேனேஜர் சொன்ன காரணம் இதே சொற்கள், ஆங்கிலத்தில்.

சனிக்கிழமைதோறும் என் முன்னால் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தால்தான் அடுத்த தவணை என்று சொல்லிவிட்டேன். கொடுத்தார். அந்தத் தொகையை எப்படியோ சிமெண்ட் கணக்கில் ஏற்றிவிட்டார் என்பது என் சந்தேகம்.

உபாகமம் 24 சகோதரனையும் அந்நியனையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததன் பலன் இங்கே தெரிகிறது. இருவருக்கும் ஒரே கூலி, அன்றன்றே என்றால் ஒப்பந்தக்காரருக்குத் தம்பியைத் தள்ளிவைக்கக் காரணமே இருந்திருக்காது. அந்நியனுக்குக் குறைத்துக் கொடுப்பதால்தான் உள்ளூர்க்காரன் தெருவுக்கு வருகிறான். இதைப் பிரசங்க மேடையில் ஒருமுறையும் கேட்டதில்லை. ஒப்பந்தக்காரர்கள்தாம் கட்டட நிதிக்கு அதிகம் கொடுக்கிறார்கள்.

ஜூன் 24

"வங்காளப் பையன்கள் கிறிஸ்தவர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, முஸ்லிம்கள். அவர்களுக்கு நம் ஹால் வேண்டாம், கூலி வேண்டும். கூலிச் சட்டம் ஞானஸ்நானச் சீட்டு கேட்பதில்லை.

ஜூன் 30

தக்கலை வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. தனி ஆராதனை கொடுத்ததும் காலை ஆராதனைக்கு அவர்கள் வரமாட்டார்கள், அதைத்தான் கமிட்டியில் சிலர் உள்ளூர விரும்புவார்கள். "அவர்களுக்கு மூன்று மணி இருக்கிறதே." வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கிளையாகக் கோவில் கட்டி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கால்சட்டைக் கோவில் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சுவர் போனது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். செங்கல்லால் கட்டியதை இடித்துவிடலாம், நேர அட்டவணையால் கட்டியதை இடிப்பது கஷ்டம்.

அதற்காக மொழி வேண்டாம் என்பதில்லை. தாய்மொழியில் பாடாமல் மாதக்கணக்கில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். என் யோசனை: பாட்டும் பிரசங்கமும் தனியாக இருக்கட்டும், மாதத்தில் ஒரு திருவிருந்து ஒன்றாக இருக்கட்டும். அன்றைக்கு ஒரு வேதபாடத்தை அவர்களில் ஒருவர் இந்தியில் படிக்கட்டும். நம்மவர்கள் ஐந்து நிமிடம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து பழகலாம்.

ஜூலை 2

கல்லறைக்கு வராமல் எல்லாரும் நழுவுகிறோம். பக்கத்துச் சேகரத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். இங்கேயே அடக்கம் செய்ய முடியுமா என்று உடன் இருந்தவர்கள் கேட்டார்கள். கல்லறைத் தோட்டம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பதில். நண்பர்கள் கையேந்தி வசூலித்து ஆம்புலன்ஸ் பிடித்து ராஞ்சிப் பக்கம் கொண்டுபோனார்கள். ஆலய வாசலில் வசூல் தட்டு நன்றாகவே நிறைந்தது. பணம் கொடுக்க மனமிருந்தது, ஆறடி மண் கொடுக்க மனமில்லை.

ஆதியாகமம் 23. "நான் உங்களண்டையில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்" என்று சொல்லி ஆபிரகாம் ஏத்தின் புத்திரரிடம் கேட்டது சாராளைப் புதைக்க நிலம். வாக்குத்தத்த தேசத்தில் அவர் சொந்தமாக வாங்கிய முதல் துண்டு மண் கல்லறைதான். புதிய ஏற்பாட்டில் பிரதான ஆசாரியர்கூட யூதாஸ் எறிந்த காசில் குயவனுடைய நிலத்தை வாங்கியது அந்நியரை அடக்கம் செய்வதற்காக. நம் கமிட்டிகள் அவர்களைவிட ஒரு படி கீழே நிற்கின்றன.

ஜூலை 8

தக்கலையிலிருந்து செய்தி. ஹாலைக் கொடுத்துவிட்டார்கள்: இரண்டாம், நான்காம் ஞாயிறு, மூன்று மணி முதல் ஐந்து வரை. மின்விசிறிக் கட்டணம் வாங்குவதா என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் விவாதம் நடந்ததாம். கடைசியில் வேண்டாம் என்று முடிவு. ஒன்றாகத் திருவிருந்து எடுப்பதை ஆயர் ஏற்றுக்கொண்டார். சந்தாவும் கல்லறையும் அக்டோபர் கூட்டத்துக்குத் தள்ளப்பட்டன. ஆதியாகமம் 23-ஐ அச்சிட்டுச் செயலரிடம் கொடுத்திருக்கிறார் நம் வாசகர். செயலர் படித்துவிட்டுக் கேட்டது: "நானூறு சேக்கல் வெள்ளியை யார் கட்டுவது?" இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் கூடுகையை ஆகஸ்டில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடை ஜூலை 31-இல் முடிகிறது. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விசைப்படகுகள் இறங்கிவிட்டால் படகில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரர்கள் நாள்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். இந்த மாதத்திலேயே தொடங்குங்கள், ஹால் சாவி ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள்.